முதலாம் சனல்

பீல் நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால்,
பழைய கமரா வாங்கி விற்கும் கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு ஃபிளாஷ்.
ஒன்று எண்பத்தொன்பது பிராங்க்,
மற்றது அறுநூற்று நாற்பது.

என்ன வேண்டுமென்று சொன்னேன்,
பாதி ஜெர்மனில், மீதி பிரெஞ்சில்.
இந்த ஊரில் அதற்கு யாரும் சிரிப்பதில்லை.
கமராவின் தலையில் குந்தியிருக்கும் வெளிச்சம் எனக்கு வேண்டாம்.
அது ஆளைச் சுவரோடு வைத்து ஆணியடிக்கிறது.
மூக்குத்தியைத் தின்றுவிட்டு மூக்கை விட்டுவிடுகிறது.
கூரையில் எறிந்து பிடிக்கலாமென்றால்
இங்கத்தைய மண்டபங்களுக்குப் பலகைக் கூரை;
வெள்ளையாய் ஏறின வெளிச்சம்
தேத்தண்ணி நிறத்தில் இறங்கி வரும்.
ஆகவே அது என்னைவிட்டுத் தள்ளி நிற்கட்டும்,
இடப்பக்கம், தலைக்கு மேலே ஒரு முழம்.

திருமதி ஷ்வாண்டர் கேட்டது ஒன்றுதான்:
"ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில்
எவ்வளவு நேரம் உங்களால் காத்திருக்க முடியும்?"

விலை கூடியது ஒரு விநாடியில் மூச்சு வாங்கிவிடும்.
மலிவானதுக்கு நாலு பட்டரி, நாலு விநாடி.
கிழமை நாட்களில் நான் கடிகாரக் கூடு மெருகிடுகிறவள்,
ஒரு கூட்டுக்கு நாற்பது விநாடி அளந்து தருகிறார்கள்.
நாலு என்ன நாலு, பொறுக்கலாம்.
ரயிலில் போகிறவளுக்கு எடையும் ஒரு விலை.
மடக்குத் தாங்கி எடுத்தேன்; மணல் மூட்டைக்குப் பதில்
கொழுவிவிட இரண்டு தண்ணீர்ப் போத்தல்.
வெள்ளிக் குடையா வெள்ளைக் குடையா?
வெள்ளை எடுத்தேன்.
எங்கள் தோலில் வெள்ளிதான் நின்று மினுங்கும் என்பது
பிறகு தெரிந்த சங்கதி.

ஞாயிறு, லீஸ். மேல்மாடியில் சாருகாவின் கலியாணம்.
பத்து மணியிலிருந்து என் குடை
தன்பாட்டில் மின்னத் தொடங்கிற்று.
நான் அமத்தவில்லை. கமரா கழுத்தில் தொங்குகிறது.
"பேய் பிடிச்ச லைட்" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா.
ஒரு பொடியன் எண்ணிக்கொண்டே இருந்தான்: பதினேழு, பதினெட்டு.
பட்டரி மாற்றினேன். வயரைத் தட்டினேன்.
வயர் ஏது? வயரில்லாததுக்குத்தானே காசு கொடுத்தது.

ஸ்பீக்கரில் கெட்டிமேளம்.
குடை அப்போதுதான் ஒருமுறை வீணாய் வெட்டி முடித்து
சிவப்புப் பொட்டோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.
நாலு விநாடி.
மூன்று முடிச்சுக்கு அது தாராளம்.

படிக்கட்டில் வியர்த்துக்கொண்டு ஒருத்தன் ஏறி வந்தான்.
அர்பென். கீழ்மாடியில் அல்பேனியக் கலியாணம்.
அவன் கையிலும் அதே எண்பத்தொன்பது பிராங்க்.
"ஒன்றா?" என்று விரலைக் காட்டினான்.
ஒன்று.
பெட்டியிலிருந்து எடுத்தபடியே, முதலாம் சனலில்,
இருவரும் ஒருவர் வெளிச்சத்தை ஒருவர்
காலையிலிருந்து செலவழித்திருக்கிறோம்.
அவன் மூன்றுக்குப் போனான், நான் ஏழுக்கு.
கோபப்பட நேரமில்லை, கீழே கேக் வந்துவிட்டது.

வீட்டில் அந்தப் படத்தை இருட்டிலிருந்து தூக்கினேன்.
வறுத்த ரவை கொட்டினமாதிரிப் பொரிப் பொரியாய்
ஒரு கை, ஒரு கயிறு, குனிந்த கழுத்து.
பின்னால் நூற்றிருபது பேர்.
ஒருவரும் தாலியைப் பார்க்கவில்லை.
எல்லாக் கண்ணும் என் குடையில்,
இப்ப அடிக்கும், இப்ப அடிக்கும் என்று.

அடுத்த சனி அறுநூற்று நாற்பதை வாங்கவில்லை.
எண்பத்தொன்பதில் இன்னொன்று.
இரண்டையும் பாதிப் பலத்தில் வைத்தால்
காத்திருப்பும் பாதியாகும்.
திருமதி ஷ்வாண்டர் ரசீதுக்குள்
நாலு பட்டரியைச் சும்மா சுற்றித் தந்தா.

ரயிலில் வரும்போது யோசித்தேன்.
மேலே நான் அமத்தின ஒவ்வொரு தடவையும்
கீழே கைகோர்த்து ஆடினவர்கள்
ஒரு கணம் வெள்ளையாகி நின்றிருப்பார்கள்,
தூக்கிய கால், பறந்த கைலேஞ்சி, எல்லாம் துல்லியமாக.
அதை ஒருவரும் எடுக்கவில்லை.