மூன்றாம் எண் கவுண்டர்

பதினோரு வருடமாக
இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறேன்.
மங்கையர்க்கரசி.
பெயரட்டையில் இடம் போதாமல், மங்கை.
ஈசூன் கிளையில் என் பெட்டி
ஒருநாளும் ஐந்து காசு குறைந்ததில்லை.

போன மாதம் சொன்னார்கள்:
எண்ணுவதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்,
இனி நீங்கள் பேசுங்கள்.

பேச்சா?
‘அடுத்தவர்’, ‘இங்கே கையெழுத்து’, ‘வேறு ஏதாவது?’
இந்த மூன்றை வைத்துக்கொண்டு
ஒரு பிள்ளையைப் பாலிடெக்னிக் வரை
படிக்கவைத்துவிட்டேன்.

பயிற்சி கொடுக்க வந்தவள் ஹுவீ ஷான்,
இருபத்தாறு வயது, கையில் ஐஸ் மைலோ.
கிளையை மூடியபின் சாப்பாட்டு அறையில்
ரொஹைதாவை வாடிக்கையாளராக உட்காரவைத்தாள்.
நான் சேமிப்புக் காப்பீடு விற்க வேண்டும்.

‘உங்கள் கணக்கில் சும்மா கிடக்கும் பணம்…’
‘சும்மாவா? என் பணமா?’
காலை ஆட்டிக்கொண்டு கேட்டாள் ரொஹைதா.
மைக்ரோவேவ் மணியடித்தது.
எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.
அக்குள் நனைந்திருந்தது.

பேருந்தில் பயிற்சித் தாளைப் பிரித்தேன்.
நான்கு மொழியில் அச்சிட்டிருந்தார்கள்.
தமிழில், ‘பரிந்துரை செய்க’.
எத்தனையோ முறை கடந்துபோன சொல்
வேகத்தடையில் வண்டி குலுங்கியபோது
நடுவில் பிளந்தது.
பரிந்து.
உரை.

எனக்கு எதில் கூச்சம்?
வேண்டாம் என்பார்களே என்றா?
இல்லை.
சரி என்றுவிடுவார்களே என்று.
இந்தத் துளை வழியே நான் எதை நீட்டினாலும்
கையெழுத்துப் போடுகிறார்கள்.
படிப்பதில்லை.
எந்த இடத்தில் என்று மட்டும் கேட்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை கோ தியாம் செங் வந்தார்.
இரவுக் காவல் முடிந்து நேராக,
கழுத்தில் இன்னும் அட்டை தொங்க.
புத்தகத்தில் பதிவு போட வேண்டும், அவ்வளவுதான்.
இயந்திரம் கறகறவென்று அடித்துத் தள்ளியது.
இரண்டு வெள்ளி. இரண்டு வெள்ளி.
மாதந்தோறும், இருப்புக் குறைந்ததற்காக,
குறைவாக இருந்ததிலிருந்து இன்னும் இரண்டு வெள்ளி.

‘இது எதற்கென்று தெரியுமா?’

‘வாடகை’ என்றார்.
‘பணத்தை இங்கே வைக்கிறேன் அல்லவா.’

இந்த வரியை அவருக்கு
வருடக் கணக்கில் அச்சடித்துக் கொடுத்தவள் நான்தான்.
கோணாமல், மை தீராமல்.

அந்தக் கட்டணம் இல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது என்றேன்.
படிவத்தை அவர் பக்கம் திருப்பி
என் உடைந்த ஹொக்கியனில்
ஒவ்வொரு வரியாகச் சொன்னேன்.
ஒரு சொல்லுக்கு அவர் சிரித்தார்.
என்ன சொல்லித் தொலைத்தேனோ.
வரிசையில் பன்னிரண்டு பேர்.
யாரோ நாக்கைச் சப்புக்கொட்டினார்கள்.
எனக்குக் கேட்டது. நிறுத்தவில்லை.

மாலையில் ஹுவீ ஷான் இலக்குத் தாளை நிரப்பினாள்.
கணக்கு மாற்றத்துக்கு அதில் கட்டம் இல்லை.
பேனாவைக் கடித்தாள்.
பிறகு ஓரத்தில்
ஒரு சின்னக் கோடு போட்டாள்.

‘எப்படிப் பேச்சை ஆரம்பித்தாய்?’

ஆரம்பிக்கவில்லை.
அவர் புத்தகத்தைப் படித்தேன்.

திங்கட்கிழமை ஒரு பெண்ணிடம்
அந்தச் சேமிப்புக் காப்பீட்டை எடுத்துச் சொன்னேன்.
பாதியில் எடுத்தால் நட்டம் என்பதையும்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
இரண்டு பக்கமும் வாசித்தாள்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
இன்னொரு முறை வாசித்தாள்.

வேண்டாம் என்றாள்.

நன்றாகத்தான் இருந்தது.