நாற்பது லிட்டர்

டிப்ஸ்டிக்கை உருவினேன்.
பால் தூக்கலான டீ.
முதலில் சிரிப்புதான் வந்தது.
கியர் பெட்டிக்கு யார் பால் வார்த்தது?

வாங்கிப் பதினாறு நாள்.
திருமாணிக்குழியில் சம்பா உழவுக்கு
ஏழு பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள்.
இருவர் முன்பணமே கொடுத்தாயிற்று,
அதுவும் செலவாயிற்று.

"செம்மண் காட்டு வண்டிங்க,
முந்திரித் தோப்பத் தாண்டிப் போனதே இல்ல"
விற்கும்போது வாகீசன் சொன்னது.
சொல்லிக்கொண்டே பானட்டைத் துணியால் துடைத்தார்,
துடைத்த இடத்தையே மறுபடியும்.

குள்ளஞ்சாவடியிலிருந்து கலிவரதன் வந்தான்,
ஸ்பேனர் பை முழங்காலில் இடிக்க இடிக்க.
வந்ததும் தோசைக்கல் கேட்டான்.
அடுப்பில் ஏற்றிக் காய்ந்ததும்
டிப்ஸ்டிக் நுனியிலிருந்து ஒரே சொட்டு.

பட்பட் பட்பட்டென்று
கடுகு.
"எண்ணெ பேசாதுக்கா" என்றான்,
"உள்ள இருக்கிற தண்ணிதான் பேசுது."

ஒரு ராத்திரி அசையாமல் நிறுத்தி வைத்தோம்.
காலையில் அடிநட்டைத் தளர்த்தியதும்
ஒரு செம்பு தண்ணீர் தனியாக வந்தது.
மற்றதெல்லாம் பிரியவே இல்லை,
பல்சக்கரங்கள் கடைந்து கடைந்து
வெண்ணெய் திரளாத ஒரு மோர்
நாற்பது லிட்டர்
நீலப் பீப்பாயில் இறங்கிக்கொண்டிருந்தது.

கலிவரதன் உள்ளே விரல் விட்டு வழித்தான்.
களி.
கறுப்பு.
முந்திரிக் காட்டில் ஏது இந்த மண்?
பரவனாற்றுத் தாழ்வில் என் பெரியம்மா மகளைக் கொடுத்த ஊரில்
நாற்று நடப் போனால்
நகக்கண்ணில் ஒரு வாரம் இருக்கும், இந்தக் கறுப்பு.
அப்போதுதான் கண்ணில் பட்டது
கியர் கம்பியின் ரப்பர் உறை மட்டும் புத்தம் புதிது.
மற்றதுக்கெல்லாம் பன்னிரண்டு வயது.

நாலு வசவு தேர்ந்து வைத்துக்கொண்டு போன் போட்டேன்.
எடுத்தார்.
"எத்தன நாள் நின்னுச்சு?"
என் வாயில் வந்தது அது மட்டும்தான்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று.
இன்னொன்று.
"ஒம்பது நாளும்மா. சீட்டுக்கு மேல தண்ணி."
பிறகு வேகமாக, பாடம் ஒப்பிப்பது போல:
"ரெண்டு தடவ மாத்திட்டேன். மூணாவதுக்குக் காசில்ல.
டீசல் கொஞ்சம் கலந்து அலசுங்க,
நின்ன எடத்துலயே ஓட்டி, சூட்டோட எறக்குங்க.
ஃபில்டர மறந்துடாதீங்க."
போனை வைத்தது அவரா நானா, நினைவில்லை.
வசவு நாலும் செலவாகாமல் கிடக்கின்றன.

"புது எண்ணெய ஊத்தி வித்துடுக்கா,
ஒரு மாசம் தாங்கும்,
திண்டிவனத்துப் பக்கம் ஆள் இருக்கு."
யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.
யோசித்தேன். கணக்கும் போட்டேன்.
டீ ஆறி ஆடை கட்டும்வரை நின்றேன்.
வாங்க வருகிறவன் முன்னால்
நானும் ஒரு துணியை எடுத்து
பானட்டைத் துடைக்க வேண்டியிருக்குமே
என்பது ஒன்றுதான் இடித்தது.

கடனில் இரண்டு வாளி எண்ணெய்.
கடலூர்க் கடைக்காரர் என் பெயரை
தைய்யல்நாயகி என்று ஒரு எழுத்து கூட்டி எழுதிக்கொண்டார்,
தொகையைச் சரியாக எழுதினார்.

அலசி, இறக்கி, ஊற்றி,
இரண்டு நாள் வெற்றாய் ஓட்டி,
மறுபடி தோசைக்கல்.
ஒரு சொட்டு.
பரவியது. புகைந்தது.
கலிவரதன் காதைக் கிட்டக் கொண்டுபோனான்.
நானும்.
தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள்,
"சும்மா இருங்கய்யா" என்று கத்தினோம்.
ஒன்றும் கேட்கவில்லை.
அந்தக் கல் இனி தோசைக்கு ஆகாது.

பழைய எண்ணெய் வாங்குகிறவன்
பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்து
"தண்ணி கலந்ததா, வேணாம்மா" என்று போய்விட்டான்.
வாய்க்காலில் கவிழ்க்க மனமில்லை,
கீழ்மடையில் வாத்து மேய்கிறது.
யாரோ ஒருவர் வீட்டு வெள்ளம்
என் சுவரோரம் இரண்டு பீப்பாயில் நிற்கிறது.

கிழக்கே, கடல் மேல், இருட்டிக்கொண்டு வந்தது.
மூடி போட்டுக் கருங்கல் ஏற்றினேன்.
அந்த ரப்பர் உறையைச் சுற்றிலும்
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு
வீட்டுக்குள் போனேன்.
பாதியில் திரும்பி வந்து
இன்னொரு தரம் அழுத்தினேன்.