போயாவுக்கு மட்டும்

வெலிமடையில் அந்த வீட்டு முற்றத்தில்
உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றது.
வெள்ளை. ஐந்து கியர். மூன்று சிலிண்டர்.
அறுநூற்று ஐம்பத்தெட்டு சிசி.
எங்கள் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் இதைவிடப் பெரிசு.

எதிரிவீர ஐயா, காப்புறுதிக் கம்பனியில் ஓய்வு பெற்றவர்,
போனட்டைத் தூக்கிப் பிடித்தார்,
பிள்ளையின் வாயைத் திறந்து டொக்டருக்குக் காட்டுவதுபோல்.
"போயாவுக்குப் பன்சலைக்கு மட்டும்தான் மிஸ்."
கண்ணாடியில் பிரித் நூல்.

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்குப் பதினொரு வருஷம்.
சீனி தொட்டதே இல்லை என்பவர்களின் விரலில்
ஊசி குத்திப் பார்ப்பதுதான் தொழில்.
ஆனாலும் நம்பினேன்.

அத்தான் நம்பவில்லை.
"டர்போ உனக்கு எதுக்கு? ஒயில் குடிக்கும்.
பிறகு விற்கவும் ஏலாது."
லீசிங் தாளில் அறுபது கையெழுத்து போட்டேன்.
கடைசித் தவணை வரும்போது எனக்கு நாற்பத்து நான்கு.

பழைய காரில் ரதல்ல ஏற்றத்துக்கு
ஏசியை அணைப்பேன், பாட்டை அணைப்பேன்,
அடுத்த சீட்டில் இருப்பவரும் பேச்சை நிறுத்துவார்.
மலையில் காற்று மெலிவு;
எஞ்சினுக்கும் அது தெரியும்.

இது வேறு சாதி.
மிதித்தால் முதலில் ஒன்றுமில்லை.
ஒரு மூச்சு.
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட
நாம் திரும்பிப் பார்க்கும் அளவு நேரம்.
பிறகு முதுகில் ஒரு கை.

மூன்று மாதத்தில் அந்தக் கை போதவில்லை.
இரவு வேலை முடிந்து டிக்கோயா வரும்போதெல்லாம்
பால் பவுசருக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு
கணக்குப் போடுவேன்:
இன்னும் கொஞ்சம் பூஸ்ட், பெரிய இன்டர்கூலர்,
நத்தார் போனஸ், அம்மாவின் கண் ஒப்பரேஷன்,
இல்லை, அது மார்ச்சில்தானே.

ஒரு போயா லீவில் கட்டுகஸ்தோட்டைக்கு இறங்கினேன்.
இஃப்லாலுக்கு இருபத்தாறு வயசிருக்கும்.
ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் சொருகி
லெப்டொப்பை மடியில் வைத்தான்.
"கம்பனி இதை அறுபத்து நாலு குதிரையில் கட்டி வைத்திருக்கும் மிஸ்.
நாம அவிழ்த்து விடலாம்."

பிறகு பேசவில்லை.
திரையில் இரண்டு கோடுகள்.
ஒன்று சமவெளி. மற்றது
இரண்டாயிரத்து எண்ணூறில் அதை விட்டுப் பிரிந்து
மேலே போய், இறங்க மனமில்லாமல் நின்றது.

"இது கம்பனி மெப் இல்ல. யாரோ
ஏற்கெனவே கை வெச்சிருக்காங்க. எண்பத்தொன்று.
நல்ல வேலை. அவசரப்பட்டுச் செய்யல."

அப்போ என் முதுகில் இருந்தது
சுசுக்கியின் கை இல்லை.

பழைய நிலைக்குக் கொண்டுவரலாம், ஹெட் கேஸ்கட்டுக்கு நல்லது.
தொண்ணூறைத் தாண்டவும் வைக்கலாம், உத்தரவாதம் கேட்கக் கூடாது.
கூட்டினாலும் நாற்பத்தையாயிரம்,
குறைத்தாலும் நாற்பத்தையாயிரம்.

வெளியே வந்து ஃபோன் எடுத்தேன்.
பின்னால் மைக்கில் பண ஓடிக்கொண்டிருந்தது.
பன்சலை பொய்யில்லை.
விஷயத்தைச் சொன்னேன்.
நீண்ட நேரம் புத்த பிக்குவின் குரல் மட்டும் கேட்டது.
செருப்புத் தேடும் சத்தம். மணலில் நடக்கும் சத்தம்.
பிறகு கிசுகிசுப்பாக, சிங்களத்தில்:

"ஹக்கலை வளைவு தாண்டி, மழை விட்ட பிறகு,
மூன்றாம் கியரில் போய்ப் பார்த்தீங்களா?"

பார்த்தேன் என்றேன்.

"ம்" என்றார்.
"நான் இப்போ பஸ்ஸில்தான் வாறது."

ஒயிலும் பிளக்கும் மாற்றச் சொன்னேன்.
ஏழாயிரத்து எண்ணூறு.
இஃப்லால் வயரைச் சுருட்டிக்கொண்டு கேட்டான்:
"அப்போ மெப்?"
யோசிக்கிறேன் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. நம்பரை எழுதித் தந்தான்.

நாவலப்பிட்டியில் தூறல். கினிகத்தேனையில் மழை.
வட்டவளையில் மழை விட்டு
றோட்டில் நிலா ஈரமாய்க் கிடந்தது.
முன்னால் பால் பவுசர்,
எதிரே வெளிச்சம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் கியர்.
மிதித்தேன்.
ஒரு மூச்சு.