நேர்த்தி இல்லாத நடை

மலையிலிருந்து மலைக்கு ஸ்கேல் வைத்துக்
கோடு போடாதே என்கிறாள் ஜெசிந்தா.
கண்மாய் குறுக்கே வரும்.
வாழைக்காரர் வேலி அடைத்திருப்பார்.
நான்குவழிச் சாலையின் நடுச்சுவரைக் கடக்க
ரெண்டு கிலோமீட்டர் சுற்றணும்.
நானோ கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் எழுதுகிறவள்;
எனக்குக் கோடு நேராக இருக்கணும்.

போன மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம்
எங்கள் வரைபடம்.
தாள் மெலிசு.
அந்தப்பக்கத்து ராகுகாலமும் கரிநாளும்
பாதை நெடுகத் தெரிகின்றன.

கீழக்குயில்குடியில் தொடக்கம்.
பரங்குன்றத்தின் முதுகு, வரிச்சியூர், திருவாதவூர்,
கீழவளவு, கருங்காலக்குடி,
திரும்பி அரிட்டாபட்டி, மாங்குளம்,
முடிவில் யானைமலை ஓரமாய் வந்து
ஒத்தக்கடையில் டவுன்பஸ் ஏறுவது.
கல்லில் படுக்கை வெட்டிய குன்றுகள் மட்டும்.
ஆறு நாள், கால் ஒத்துழைத்தால்.

முத்திருளாயி குடிநீர் வாரியத்தில் பம்ப் ஓட்டுபவள்.
நீலப் பேனா அவளுடையது.
இந்த ஊரில் காலை ஆறு முதல் ஏழு வரை குழாய்,
இங்கே அடிபம்ப், ஆனால் உப்பு,
இந்த டேங்குக்கு ஏணி இல்லை, கழுவி எத்தனை வருசமோ.
ஊர்ப்பெயர் எழுதும் முன்பே
தண்ணீரை எழுதி முடித்துவிட்டாள்.

சித்திரை வேண்டாம், பாறை சுடும்.
ஐப்பசி வேண்டாம், பாறை வழுக்கும்.
மார்கழிக் கடைசி என்று முடிவாகி
விடுப்புப் படிவம் வாங்கினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'நடக்க' என்று எழுதி,
மேலாளர் முகத்தை நினைத்து அடித்துவிட்டு
'சொந்த வேலை' என்று எழுதினேன்.
அதுவும் பொய் இல்லை.

விடியற்காலை ஐந்துக்குத் தெப்பக்குளத்தைச் சுற்றுகிறோம்,
ஆளுக்கு முதுகில் ஏழு கிலோ.
என் பையில் அரிசி, ஜெசிந்தாவுடையதில்
ஆஸ்பத்திரிப் பழைய பதிவேடுகள்.
எதிரே வந்த மஃப்ளர்க்காரர் முதல் சுற்றில் கேட்டார்:
பழனிக்கா?
இல்லைங்க.
இரண்டாம் சுற்றில், ஜெசிந்தாவின் சிலுவையைப் பார்த்து:
அப்ப வேளாங்கண்ணி.
அதுவும் இல்லை.
மூன்றாம் சுற்றில் நின்றேவிட்டார்.
குரலைத் தாழ்த்தி,
வீட்ல ஏதும் பிரச்சினையாம்மா?

ஞாயிறு, வழி பார்க்க ஸ்கூட்டியில் போனோம்.
கீழவளவு தாண்டி,
பழைய வரைபடத்தில் சிறு குன்று என்றிருந்த இடத்தில்
குன்று இல்லை.
சதுரம் சதுரமாய் அறுத்தெடுத்த பள்ளம்,
அடியில் பச்சைத் தண்ணீர்,
ஒரு மீன்கொத்தி.
முத்திருளாயி கல்லெறிந்து காது கொடுத்தாள்.
ஆழம் அதிகம், குடிக்க ஆகாது என்று
நீலத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.
மூன்றாம் நாளின் மேடு
ஒரு பெருக்கல் குறியாயிற்று.
யாரும் பேசவில்லை, பஞ்சர் கடை வரைக்கும்.

இன்னொரு குன்றில் படுத்துப் பார்த்தோம்.
தலைமாட்டில் கல்லையே உயர்த்தி
தலையணை விட்டிருக்கிறார்கள்.
ஜெசிந்தாவுக்கு அளவு சரி,
எனக்குக் கால் நீண்டது.
இரண்டாயிரம் வருசம் மழைக்கு ஒதுங்கியவர்கள்
என்னைவிடக் குட்டையோ, இல்லை
மடக்கிப் படுக்கத் தெரிந்தவர்களோ.
இறங்கும்போதுதான் பலகையைப் பார்த்தோம்:
இங்கு தங்க அனுமதி இல்லை.
ஆக, இரவுக்கு ஊருக்குள் மொட்டைமாடிதான்.
அரிட்டாபட்டியில் ஒருத்தர் சரி என்றிருக்கிறார்,
நாய் இருக்கும் என்றும்.

நான்காம் இரவு இன்னும் காலியாக இருக்கிறது.
கருங்காலக்குடியில் யாரையாவது தெரிந்தவர்களைத்
தெரிந்தவர்களைக் கேட்கணும்.
கொப்புளத்துக்கு ஊசி, வேலிக்காத்தான் முள்ளுக்கும் அதே ஊசி.
வெல்லம். விசில்.
பையிலிருக்கிற அரிசியில்தான்
தினமும் ரெண்டு ஆழாக்கு எடுத்து உலை வைக்கிறேன்.
நடை சுலபமாகிறதே என்று
கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தேன்.
நேற்று தராசில் வைத்தால் மூன்றரைதான்.
ஒரு செங்கல் தேடணும்.