ஆறு லிட்டர்

பேரணாம்பட்டுத் தெருக்களில் தினமும்
நூற்று நாற்பது கேன் ஏற்றி இறக்குபவன் நான்.
தண்ணீரின் எடை தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.
இரண்டு பேர், ஒரு ராத்திரி, ஆறு லிட்டர்.
பங்குனி வெயிலில் அது முதுகில் குலுங்கி
அடிக்கு ஒருதரம் தன் விலையைக் கேட்டது.

எல்லைச் சாவடியில் வாட்சர் முனெப்பா
விரல் மடக்கிச் சொன்னார்.
தீ மூட்டக் கூடாது.
பாட்டுப் போடக் கூடாது.
ஆற்று மணலில் படுக்கவே கூடாது, அது அவங்க ரோடு.
பிறகு விரல் எதையும் மடக்காமல்
"நீள்ளு லேவு" என்றார்.
எங்கள் பையைப் பார்த்துவிட்டு மறுபடியும்
"லேவு."

ஊஞ்சை மரத்துக்கு இந்தப் பக்கம்
என் போன் தமிழ்நாட்டில் இருந்தது.
அந்தப் பக்கம் ஆந்திரா வரவேற்கிறது என்றது.
சூரைப் புதரைச் சுற்றி வந்தால் திரும்பத் தமிழ்நாடு.
அரை மணி நேரம் இந்த இழுபறி.
அப்புறம் இரண்டு மாநிலமும் எங்களைக் கைகழுவின,
தண்ணீர் செலவில்லாமல்.

இம்தியாசுக்கு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை.
ஏழு வருஷமாக ஏற்றுமதி ஜோடிகளில்
இடது காலை மட்டும் பார்ப்பவன்.
வறண்ட ஓடையில் முழங்காலிட்டு,
முறம் அகலத்துக்குப் பதிந்திருந்த வட்டத்தில்
சாண் வைத்து அளந்தான்.
ஓரத்து வெடிப்புகளை விரலால் தடவினான்.
"இது வலது" என்று எழுந்தான்.
"என் செக்‌ஷன் இல்லை."

ஓடைக்கு மேலே, தாம்பாளம் மாதிரி ஒரு பாறை.
கேன்களை மூடும் நீலத் தார்ப்பாயை அதில் விரித்தோம்.
கூடாரம் என்று ஒன்றும் இல்லை.
பகல் முழுக்கக் குடித்த வெயிலைப் பாறை
எட்டு மணி வரை எங்கள் முதுகில் கொப்பளித்தது.

அவல் நனைக்க ஒரு டம்ளர்.
பேரீச்சை தண்ணீர் கேட்காது.
இம்தியாஸ் வீட்டுக் கபாப் கேட்கும், நிறையக் கேட்கும்.
தின்றோம்.
பல் விளக்குவதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

நிலா இல்லை.
எப்போது தூங்கினேன் தெரியாது,
விழித்தபோது கீழே யாரோ
மண்வெட்டி இல்லாமல் மணல் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.
அள்ளல். நிறுத்தம். நீண்ட ஒரு மூச்சு.
மறுபடி அள்ளல்.
அவசரம் என்ற பேச்சே இல்லை அந்த வேலையில்.
இம்தியாசின் கை என் மணிக்கட்டைத் தேடி வந்து பிடித்தது.
எனக்கு மூத்திரம் முட்டியது.
அதையும் இருப்பில் சேர்த்துக்கொண்டு கிடந்தேன்.

வெளுத்ததும் இறங்கிப் பார்த்தோம்.
மணலில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி.
அடியில் இரண்டு கை அளவு, சாயங்காலத்து டீ நிறத்தில்.
எங்களுக்கு முன்பே கீரி வந்து போயிருந்தது,
காட்டுக்கோழி வந்து போயிருந்தது,
ஈரச் சுவரில் தேனீக்கள் வரிசை பிடித்திருந்தன.
மூடி இல்லை, சீல் இல்லை, தேதி இல்லை.
நான் ஒரு விரல் முக்கினேன்.
முக்கிய இடம் நிறையும் வரை பார்த்துக்கொண்டே இருந்தோம்.
ரொம்ப நேரமாயிற்று.

எங்களிடம் கால் பாட்டில் மீதி.
"இதில் ஊற்றிடலாமா?" என்றேன்.
"பில் போடுவியா?" என்றான்.
ஊற்றவில்லை.
ஆளுக்கு இரண்டு மடக்கு குடித்தோம்,
யாருடைய வீட்டு வாசலிலோ நின்று குடிப்பதுபோல்
குழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.
வியர்வையில் ஊறிய பைப்பட்டை மேல்
ஒரு தேனீ உட்கார்ந்து சாவடி வரை கூட வந்தது.

திங்கட்கிழமை.
பள்ளித் தெரு, மூன்றாம் மாடி.
"என்னண்ணா, கேன்ல மேலாக ஒரு விரக்கடை குறையுது?"
குனிந்து பார்த்தேன்.
ஒரு விரற்கடை.
"அடுத்த தடவை சரி பண்றேன்க்கா" என்றேன்,
படியிறங்கும்போது
சொட்டிய இடங்களில் கால் வைக்காமல்.