பதினாலாம் எண்ணின் முதுகு

பதினோரு கோடைகள்
ஃபெலிம் ஷெரிடனின் முதுகுதான் என் ஞாயிற்றுக்கிழமை.
சட்டையில் பதினான்கு,
அதில் நான்கின் வால் மட்டும் தையல் விட்டு ஆடும்.
கழுத்தோரம் தைல நெடி.
அவன் ட்ரம்கீலின் முன்னாட்டக்காரன்.
நான் எர்ன் ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
கடைசிக் காவல், எண் மூன்று.

பந்தைக் காலால் தட்டிக் கையில் வாங்குமுன்
அரை மூச்சு நிறுத்துவான்.
பிறகு இடப்பக்கம் திரும்புவான்.
எப்போதும் இடப்பக்கம்.
அவன் மனைவி ஓர்லாவுக்குக்கூட இது தெரிந்திருக்காது.

இந்த ஆட்டத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது.
கேவன் மாவட்டத்தின் நீலச் சட்டையில்
இருபதாயிரம் பேர் அவன் பெயரைக் கத்திய மறுநாளும்,
என் முழங்கை பட்டு உதடு வீங்கிய மறுநாளும்
விடிகாலை ஐந்தேகாலுக்குச்
சங்கத்தின் பால் லாரியை
என் கொட்டில் வாசலில் நிறுத்தினான்.
குழாயைப் பொருத்தினான்.
"மூணரை டிகிரி" என்றான்.
"மழை வரும்" என்றேன்.
வருஷக்கணக்கில் எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

மாவட்டத்துக்காக ஆறு வருஷம். கோப்பை இல்லை.
ஓர் அரையிறுதியில், கடைசி நிமிடம்,
குறுக்குக் கம்பத்துக்கு மேலே தூக்கினால் சமன்,
வலைக்குள் அடித்தால் வெற்றி.
வலையைப் பார்த்தான்.
கோல்காப்பாளன் காலை நீட்டிவிட்டான்.
மதுக்கடையில் அந்தப் பந்தை இன்னும் உதைக்கிறார்கள்,
ஒவ்வொருவரும் மேலே தூக்கி.

பிறகு அந்த அக்டோபர். சேறு. ஊர்ச் சங்க ஆட்டம்.
அரை மூச்சு நிறுத்தினான்.
நான் முன்பே இடப்பக்கம் போய் நின்றிருந்தேன்.
என் தோள் அங்கே இருந்தது.
அவன் பாதம் சேற்றில் ஊன்றியிருந்தது.
முழங்கால் மட்டும் திரும்பியது.
ஈரக் கயிறு அறுந்த சத்தம்.
நடுவர் ஊதவில்லை. நியாயமான மோதல் என்றார்கள்.
நியாயம்தான்.

திங்கட்கிழமை வேறு ஓட்டுநர் வந்தான்.
ஒன்பது மாதம் அவனே வந்தான்.
அந்தப் பையன் நிறையப் பேசுவான்.

ஜூலையில் ஒருநாள் லாரிக் கதவு திறந்து
வெகுநேரம் யாரும் இறங்கவில்லை.
முதலில் இரும்புப் பட்டை கட்டிய கால்,
பின்னால் அவன்.
நூற்றுப்பத்து மாடுகளிடம் ஒத்திகை பார்த்த மன்னிப்பு
என் வாயில் தயாராக இருந்தது.
"அஞ்சு டிகிரி" என்றான். "தெர்மோஸ்டாட்டைப் பாரு."
போய்ப் பார்த்தேன்.

போன ஞாயிறு. அவனுக்கு முப்பத்தொன்பது.
ஆள் குறைந்த இரண்டாம் அணிக்குக்
கடைசி எட்டு நிமிடம் இறக்கினார்கள்.
நான் வேலியோரம், எதிர்ப்புறக் கூட்டத்தில்.
பந்து வந்தது.
அரை மூச்சு.

என் உடம்பு தானாக
அவன் இடப்பக்கத்தை அடைக்கப் பாய்ந்து
பக்கத்தில் நின்ற மாட்டு வைத்தியரின் தேநீரை
அவர் புதுக் கோட்டிலேயே கொட்டியது.

அவன் வலப்பக்கம் திரும்பினான்.

பந்து எங்கே போனதென்று நான் பார்க்கவில்லை.
கைக்குட்டை தேடிக்கொண்டிருந்தேன்.