திங்கட்கிழமை வரை இரண்டு கமராக்கள்

பம்பலப்பிட்டி, இரண்டாம் மாடிக் கடை.
ரிஸ்மின் இரண்டையும் தூக்கித் தந்துவிட்டான்.
"சனி ஞாயிறு வச்சிருங்க மிஸ்.
திங்கள் ஒன்றைத் திருப்பித் தாங்க,
மற்றதுக்குக் காசைத் தாங்க."

கறுப்பு, முப்பது மடங்கு நீளும்.
மூக்கை நீட்டும்போது ஒரு முனகல்,
பழைய லிப்ட் ஏழாம் மாடிக்குப் புறப்படுவதுபோல.
வெள்ளி நீளவே நீளாது.
கண் அகலம்; இருட்டைக் குடிக்கும் என்றான்.
இரண்டும் ஒரே விலை. அதுதான் சிக்கல்.

காப்புறுதிக் கம்பனிக்கு
நசுங்கல்களைப் படமெடுப்பவள் நான்:
பம்பர், கதவு, உடைந்த முன்விளக்கு,
துருவுக்குள் ஒளியும் சேஸி இலக்கம்.
அதற்குக் கம்பனியின் கீறல் விழுந்த கமரா போதும்.
இது எனக்கு.
முப்பத்தொன்பது வயதில்
'எனக்கு' என்று சொல்லிப் பார்க்க
வாய் கொஞ்சம் கூசுகிறது.

சனி காலை, பேரே வாவி.
தீவு மரத்தில் ஒரு கூழைக்கடா.
கறுப்பு முனகி நீண்டது;
அலகோரப் புள்ளிகளைப்
பதினொன்று வரை எண்ணினேன்.
வெள்ளியில் அதே பறவை
கிளையில் சிக்கிய பொலித்தீன் பை.

நீண்ட மூக்கைக் கண்டுதான் வந்திருக்க வேண்டும்,
சீருடைக்காரன். இளசு,
மீசை இன்னும் ஒரு முடிவுக்கு வராதவன்.
எதை எடுக்கிறாய் என்றான் சிங்களத்தில்.
பறவைக்கு அவன் மொழியில் என்ன சொல்?
இருபது வருடமாகத் தெரிந்த சொல்
நாக்கின் அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது.
அடையாள அட்டையை அவன் கேட்கவில்லை.
கை தானாகவே பையைத் துழாவியது.
யுத்தம் முடிந்து மூன்று வருடம்;
கைக்கு யாரும் சொல்லவில்லை.

கமராவை வாங்கி
ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான்.
கூழைக்கடா. கூழைக்கடா. கூழைக்கடா.
தவறி அமுக்கிய என் இடது செருப்பு.
கூழைக்கடா.
பெரிதாக்கும் பொத்தானைத் தானே கண்டுபிடித்தான்.
பறவைக்குப் பின்னால் மதில் ஏதும் இல்லை என்று
திருப்தியானபின் நீட்டினான்.
"ஹரி" என்றான்.
போ என்றும் இல்லை, நில் என்றும் இல்லை.

இரவு, வெள்ளியோடு வெள்ளவத்தை.
இது நீளாது, நான்தான் நீள வேண்டும்.
மூன்று அடி முன்னால்,
பிறகும் ஓரடி,
தகட்டின் சூடு மூக்குக்கண்ணாடியில் படிய,
கொத்துரொட்டி போடும் தவராசாவின் எதிரே.
"சிரிக்கவோ அக்கா?"
சிரித்தான்.
இரண்டு தகடுகளையும் மார்புக்குக் குறுக்கே பிடித்து
மாப்பிள்ளைபோல் நின்றான்.
மஞ்சள் பல்பு, ஆவி, வியர்வை
எல்லாம் அப்படியே வந்திருக்கிறது,
அந்தச் சத்தத்தைத் தவிர.
சத்தம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

தெருவைக் கடந்து போய்
அவனுக்குத் தெரியாமல் கறுப்பாலும் எடுத்தேன்.
கை ஓங்கியிருக்கிறது, கொத்து நடக்கிறது,
முகம் முழுக்க ரவை கொட்டினாற்போலப் பொரி.

ஞாயிறு மழை.
மேசையில் இரண்டையும் எதிரெதிரே வைத்து
ஒன்றால் மற்றதை எடுத்துப் பார்த்தேன்.
வெள்ளி, கறுப்பின் தூசியைக்கூட மதித்தது.
கறுப்போ, மூக்கை நீட்டிய நிலையில்
கிட்ட இருப்பதைப் பார்க்கத் தெரியாமல்
தவித்துத் தவித்து
ஜன்னலுக்கு அப்பால் தண்டவாளத்தில் போய் நின்றது.

யாரிடம் கேட்டாலும் வெள்ளி என்பார்கள்.
பையில் அடங்கும். கேள்வி வராது.
அந்தக் கடைசிக் காரணம்
தொண்டையில் முள்ளாக நின்றது.

திங்கள் வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன்.
"நல்லதை விட்டுட்டீங்க மிஸ்" என்றான் ரிஸ்மின்,
காசை இரண்டு தரம் எண்ணியபடி.
தெரியும் என்றேன்.

தவராசாவுக்கு மாப்பிள்ளைப் படம்
பிரதி போட்டுக் கொடுத்தாயிற்று.
கூழைக்கடாக்களில் ஒன்றை மிச்சம் வைத்து
மற்றவற்றை அழித்துவிட்டேன்.
செருப்பை அழிக்கவில்லை.
அதைப் பார்க்கும்போதுதான்
அந்தப் பொடியன்
கொஞ்சம் சிரித்தான்.